காலையில் பிடித்த போத்தல்

மனைவி ஜெயலெட்சுமியின் கருமாதி முடிந்த மறுநாள் ராமதாஸ் பினாங்கின் சூலியா தெருவுக்குப் போனான். முன்பு கூட வேலை பார்த்த சுலைமானிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தான். மனைவியின் சாவு வீட்டுக்குச் சுலைமான் வந்த கோலத்தைப் பார்த்த பிறகு அவனால் தாங்க முடியவில்லை. நல்ல வெயில் நேரத்தில், தன் மனைவி ரோஹானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியைக் காலால் தடவித் தடவி ஏறினான் சுலைமான். நாற்பது வயதுகூட ஆகாத மனிதன்.

திரங்கானு கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில், இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தது ஒரே வேலைதான். கிணற்றுக்குள் இறக்கும் உப்புநீரை வடிகட்ட வேண்டும். அதில் மாவு போன்ற தூசி இருக்கும். அது பாறையின் நுண்ணிய துளைகளில் போய் அடைத்துக்கொண்டால், உள்ளே எண்ணெய் இருந்தும் வராது. அதனால் நீரை ஒரு போத்தலில் பிடித்து, அடுத்து வேலைக்கு வருகிறவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாயந்திரம் நீர் கலங்கலாகவே வந்தது. வடிகட்டிகளை மாற்றி மறுபடி ஓட்ட மூன்று மணி நேரமாகும். படகோ அரை மணியில் கிளம்பிவிடும். பினாங்கில் ஜெயலெட்சுமிக்கு மறுநாள் ஆபரேஷன். ராமதாஸ், காலையில் பிடித்து வைத்திருந்த தெளிவான போத்தலை எடுத்து நீட்டினான்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான். ஓடு லா, தங்கச்சிய போய்ப் பாரு," என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டான் சுலைமான். நீரைக் கிணற்றில் இறக்கியதும் அவன்தான்.

அந்தக் கிணறு பேருக்குத்தான் எண்ணெய் கொடுத்தது. தொட்டியில் மீந்திருந்த நீர் சேறாக இருந்தது. உனக்குக் கண் தெரியாதா என்று கேட்டு, சுலைமானை வீட்டுக்கு அனுப்பினார்கள். லீவு முடிந்து திரும்பிய ராமதாஸ் வாயைத் திறக்கவில்லை. ஜெயலெட்சுமியின் வைத்தியத்துக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

மச்சினனின் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தான் சுலைமான்.

"வா மச்சான், உக்காரு. ரோஹானா, இவனுக்கு ஒரு தே ஓ."

"கண்ணு எப்படி இருக்கு?"

"மூணு டாக்டர் பாத்தாச்சு. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு போத்தல் அழுக்க நான் தெளிவுன்னு சொன்னவன் லா. இப்ப லைட்டு பச்சையா சிவப்பான்னே நம்ப முடியல. மோட்டார் சைக்கிள வித்துட்டேன்."

"மீனுக்கு முள்ளு எடுத்துத் தர்றதும் நான்தான் அண்ணே," என்றாள் ரோஹானா, பாலில்லாத தேநீரை வைத்தபடி. "ராஜா வாழ்க்கை இவருக்கு."

சுலைமான் சிரித்தான். ராமதாஸ் தேநீரைத் தொடவில்லை.

"நான் காட்டுனது காலையில புடிச்ச போத்தல். சாயந்திரத் தண்ணி கலங்கல்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஈரம் துடைத்துக்கொண்டிருந்த ரோஹானாவின் கை இடுப்புத் துணியிலேயே நின்றது. சுலைமான் மேசைத் துணியை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப... நான் சரியாத்தான் பாத்தேனா?"

"சரியாத்தான் பாத்த. கம்பெனிக்கும் நானே சொல்லிடுறேன்."

"சொல்லு, சொல்லாமப் போ. அது உன் பாடு." சுலைமான் அந்தத் தேநீர்க் கிளாஸை எடுத்து, தெருப்பக்கத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். "அன்னைக்குச் சாவு வீட்டுல தங்கச்சி மூஞ்சிய நான் பாக்கல. பாத்தாலும் பொய்யாத் தெரியும்னு குனிஞ்சிக்கிட்டு வந்துட்டேன். இனி எங்க போயி பாக்குறது?"

ராமதாஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"எந்திரிச்சுப் போங்க அண்ணே," என்றாள் ரோஹானா மெல்ல.

அவன் எழுவதற்குள் சுலைமானே எழுந்துவிட்டான். யார் தோளையும் பிடிக்காமல் மேசைகளுக்கு நடுவே நேராக நடந்தான். வாசலில் வெயில் பளிச்சென்று அடித்தது. படி தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அங்கே வந்ததும் அவன் நின்று, ஒரு காலை நீட்டி, தடவிப் பார்த்த பிறகே இறங்கினான்.