வியாழக்கிழமைக்குள் ஒரு வீடு

இடிக்கப்போகிற வீட்டை இடிக்காமல், பலகை பலகையாகக் கழற்றி மறுபடி பாவிக்க எடுக்கிற வேலையை ஆனந்தராசா தன் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் படித்தார். விமானச் சரக்குக் கிடங்கில் பதினாறு வருடம் நின்றவரை ஒரு மின்னஞ்சலோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்தது இந்தப் பத்து வாரப் பயிற்சி. ஹோட்டலில் துணி தோய்த்த புஷ்பவதி, வேலை போன இன்னும் நாலு பேர், எல்லாருக்கும் ஒரே வகுப்பு.

கடைசிப் பரீட்சை நகரின் தெற்கே மங்கரேயில் ஒரு பழைய மர வீடு. வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குள் முழுவதையும் கழற்றினால் இடிப்புக் கம்பனி ஆறு பேரையும் நிரந்தரமாக எடுக்கும். வெள்ளி காலை வீட்டை இடித்து அள்ளுகிற டிக்கர் இயந்திரம் வரும். மிஞ்சினது குப்பைக்குப் போகும். வகுப்பு நடத்துகிற மன்னார்க்காரர் மத்தியூ இதை இரண்டு தரம் சொன்னார்.

முன்னறையின் நிலப்பலகை ஆனந்தராசாவின் பொறுப்பு. ரிமு என்கிற உள்ளூர்க் காட்டு மரம், எழுபது வருடமாகியும் உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. புதன் மத்தியானம் மத்தியூ எட்டிப் பார்த்தபோது அவர் குந்தியிருந்து, பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களில் அளவுவாரியாக ஆணி.

"என்னண்ணை இது?"

"நல்ல ஆணி தம்பி. துருவே பிடிக்கேல்ல."

"அதை இரும்பு வாளிக்குள்ள போடுங்கோ. உருக்குவாங்கள்."

"நீர்தானே வகுப்பில சொன்னனீர், உருக்கிறது கடைசி வழி எண்டு?"

மத்தியூ சிரித்துவிட்டார். "பாடத்தை இவ்வளவு கவனமாக் கேட்டது நீங்கள் ஒராள்தான். கெதியாப் பாருங்கோ அண்ணை."

குசினிக்குள் இருந்து புஷ்பவதி சத்தம் போட்டாள். "அண்ணை ஹார்ட்வெயார் கடை போடப்போறார், மத்தியூ! திறப்பு விழாவுக்குக் கேக் நான்."

ஆனந்தராசாவும் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் புது ஆணி என்று ஒன்று வரவில்லை. குண்டு விழுந்த வீடுகளில் பிடுங்கி நிமிர்த்தின ஆணியால்தான் பதுங்குகுழிக்கு மரம் அடித்தார்கள். வளைந்த ஆணியை எறிந்தவனுக்கு ஏச்சு விழும். மத்தியூ போனதும் இரண்டு பலகையை வேகமாகக் கழற்றினார். மூன்றாவதில் கை தானாகக் கல்லுக்குப் போனது.

வியாழன் மூன்று மணிக்கு மற்ற அறைகள் முடிந்தன. எல்லாரும் முன்னறைக்கு ஓடிவந்தார்கள். பாதிக்கு மேல் பலகை அப்படியே கிடந்தது. ஆறு பேரும் குனிந்து கழற்றினார்கள். ஐந்து மணிக்கு மத்தியூ வெளியே வரச்சொன்னார்.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ," புஷ்பவதி கெஞ்சினாள்.

"அஞ்சுக்குப் பிறகு ஒருத்தரும் உள்ள நிக்கேலாது அக்கா. பாதுகாப்புச் சட்டம். நான் என்ன செய்ய?" மத்தியூ வேலியைப் பூட்டினார்.

வெள்ளி காலை டிக்கர் கை நீட்டி மிச்சப் பலகையை அள்ளியது. நொறுங்குகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. கம்பனி மனிதர் அடுக்கியிருந்த மரத்தைத் தடவி, அருமை என்றார். இந்த வேகத்தில் தன்னால் ஒருவரையும் வைத்திருக்க முடியாது என்றும் சொன்னார். அடுத்த வகுப்பு நடக்குமோ தெரியாது என்றார் மத்தியூ. அவர் ஆனந்தராசாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

புஷ்பவதியைத் தினமும் பாபடோயிட்டோயில் அவள் வீட்டடியில் காரில் இறக்கிவிடுவது ஆனந்தராசாதான். அன்றைக்கு அவள் பின்சீட்டில் ஏறினாள். பாதித் தூரத்தில் அவர்தான் வாய் திறந்தார்.

"என்னாலதான் பிள்ளை."

"பிரணவியிட்ட நேற்றுக் காலமையே சொல்லிப்போட்டன்," என்றாள் அவள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "அம்மாக்கு வேலை சரி எண்டு. பெட்டை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கும்."

வீட்டு வாசலில் கார் நின்றது. பத்து வாரமும் இறங்கும்போது "போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லுகிறவள், அன்றைக்குக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். திங்கட்கிழமை அந்தத் தெருவுக்கு வர அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.