இடவலம் மாறிய பெயர்

கூடத்தில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதையும் மீறி உள்ளறையிலிருந்து சுர்ரென்று ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எலி என்று நினைத்தார்கள். அது பித்தளையில் உளி ஓடும் சத்தம் என்று அற்புதமேரிக்குத் தெரியும். பாரூரிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்குத் தெரியாது. எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பன் இங்க கெடக்குறான், பொண்ணு உள்ள தகடு சொரண்டிட்டு உக்காந்திருக்குது. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இன்னா மனசு அது, மேரி?"

"வேலை நடக்குது அண்ணி. முடிச்சிட்டு வருவா."

"எழவு வூட்டுல இன்னா வேலை?"

அற்புதமேரி பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். உள்ளே ஜெபராஜ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தவர் நிலைப்படியிலேயே சாய்ந்துவிட்டார். ஒரு சட்டைப் பொத்தானைக்கூட நிதானமாகப் போடுகிற மனுஷன் இதில் மட்டும் இப்படி அவசரப்பட்டுவிட்டாரே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் டயல் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். கண்ணில் இடுக்கிக்கொள்கிற குட்டிப் பூதக்கண்ணாடி அங்கே பழகியது. ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. சாயங்காலமானால் கண்ணில் அதை இடுக்கிக்கொண்டு தபால்தலை பார்க்க உட்கார்ந்துவிடுவார். எல்லாத் தபால்தலையும் அவருக்கு ஆகாது. எஃகில் கையால் கோடு கோடாக வெட்டி, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அடித்ததாக இருக்க வேண்டும். யாராவது ஆசையாகக் கலர் கலராகக் கொண்டுவந்து கொடுத்தால் கண்ணாடி வழியாக அச்சின் மைப் புள்ளிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வெறும் புள்ளிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை சபை ஆண்டுமலரில் மாதர் சங்கப் படம் வந்திருந்தது. அதையும் விடாமல் பார்த்து, "மேரி, நீ முழுக்கப் புள்ளியா இருக்கே" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான் கிடைத்தது.

கோடு என்று வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். "கன்னத்துக்கு வளைஞ்ச கோடு. நெத்திக்கு முடி மாதிரி கோடு. ஒண்ணு தப்புனா ராஜா மூஞ்சி வாட்ச்மேன் மூஞ்சி ஆயிரும்" என்பார். பிரெஞ்சு, செக் நாட்டுத் தபால்தலைகளில் அடி ஓரத்தில் வெட்டியவன் பெயர் எறும்புக் கால் அளவுக்கு இருக்கும். அதைத் தேடிப் படிப்பதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம். "ராஜாவை எல்லாரும் பாப்பான். ராஜாவை வெட்டுனவனை எவன் பாப்பான்? நான் பாப்பேன்."

பார்த்ததோடு விட்டாரா? குடும்ப ஜெபத்தில், வியாதியஸ்தருக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் நடுவில், வாயில் நுழையாத ஒரு செக் பெயரைச் சொல்லி, "அந்த மனுஷன் கைகளுக்காக ஸ்தோத்திரம்" என்பார். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். அற்புதமேரி முகம் மாறாமல் ஆமென் சொல்வாள்.

அந்தச் சிரிப்புப் பிள்ளைகளில் மூத்தவள் ஃபெபாதான் இப்போது உள்ளே தகடு வெட்டிக்கொண்டிருந்தாள். டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு நகைக் கம்பெனியில் தங்கக் காசுக்கு அச்சு வெட்டும் வேலை. இயந்திரம் வெட்டிக் கொடுக்கும் அச்சில் கண்ணும் உதடும் சரியாக வர, கடைசியில் அவள் உளிதான் போக வேண்டும். முதல் காசை அப்பாவிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உம் பேரு எங்க?"

"காசுல எம் பேரு எதுக்குப்பா? கம்பெனி விடாது."

"அப்ப யாரு வெட்டுனதுன்னு தெரியாமயே போயிருமே" என்று காசைத் திருப்பிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபெபா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாள். அதற்குப் பிறகு எந்தக் காசையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

இன்று காலையில் தம்பி எட்சன் சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு, மூடியில் ஒட்டப் பெயர் ஸ்டிக்கருக்கும் போன் போட்டான். ஃபெபா போனை வாங்கி வைத்துவிட்டாள். "அப்பா பேரு நான் வெட்டுறேன்" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான், உள்ளே போனவள் போனவள்தான்.

நாலு மணிக்கு அடக்கம். பாஸ்டர் வந்துவிட்டார். தெருமுனையில் வைத்த ஃபிளெக்ஸில் ஜெபராஜ் முகம் முழுக்கப் புள்ளிகளாகச் சிரித்துக்கொண்டிருந்தது. தகட்டை வாங்க எட்சன் உள்ளே போனான். போன வேகத்தில் அவன் குரல் வெளியே வந்தது.

"அக்கா! என்னக்கா இது?"

அற்புதமேரி எழுந்து ஓடினாள். மேசையில் தகடு மின்னியது. சுற்றிலும் இழை இழையாகக் கோடு போட்ட கரை. நடுவே பெயர். அடியில் பிறந்த வருஷம், இறந்த வருஷம். ஆனால் பெயரைப் படிக்க முடியவில்லை. ஜெ எழுத்தின் கொம்பு வலது பக்கம் நின்றது. வருஷங்கள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது.

ஃபெபா தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அச்சு வெட்டுறப்ப மாத்தித்தானேம்மா வெட்டுவேன். தெனமும் அதான். கை பாட்டுக்குப் போயிருச்சு" என்றாள். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து வராத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். "கடைசியா ஒரே ஒரு வேலை. அதுவும் கெடுத்துட்டேன்."

கூடத்திலிருந்த பாதிப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நாத்தனார் மாரில் கை வைத்தாள். "ஐயையோ, செத்தவன் பேரைத் திருப்பிப் போட்டா குடும்பத்துக்கு ஆவுமா? தூக்கிப் போடும்மா அதை."

"ஸ்டிக்கர் பத்து நிமிஷத்துல வந்துரும்" என்று எட்சன் போனை எடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காலையிலிருந்து அலைகிறான். அக்காள் அழுவதையும் அவனால் பார்க்க முடியவில்லை.

ஜெபராஜோடு வேலை பார்த்த கௌஸ் மொய்தீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தகட்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஒரு கோடு நடுங்கல தங்கச்சி" என்று அற்புதமேரியிடம் மெல்லச் சொன்னார்.

அற்புதமேரி அதை வாங்கிக்கொண்டாள். ஸ்டிக்கர் வந்து ஒட்டிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதிதான். மகளுக்கு மட்டும் இந்தத் தகடு ஆயுசு முழுக்க உறுத்தும்.

"போனை வை எட்சா" என்றாள். "முப்பது வருஷமா உங்கப்பா எங்கிட்ட என்ன சொன்னாரு? தபால்தலைக்கு வெட்டுறவன் மாத்தித்தான் வெட்டுவான், தாளுல அடிச்சாத்தான் நேரா வரும்னு. நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேட்டேன், ஆனா கேட்டேன். ஷூ பாலிஷ் எடு."

"எதுக்கும்மா?"

"எடுடா."

ஜெபராஜ் சபைக்குப் போக ஷூவுக்குப் போடும் கறுப்பு பாலிஷ் வந்தது. ஃபெபாவுக்கு அம்மாவின் யோசனை புரிந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தகட்டில் பாலிஷைத் தேய்த்தாள். பள்ளத்தில் இருந்ததை விட்டு மேலே இருந்ததைத் துணியால் வழித்தாள். தபால்தலை ஆல்பத்தின் கடைசி வெற்றுத்தாளைக் கிழித்து, ஈரத்துணியில் ஒற்றி, மேலே விரித்தாள். அழுத்த இயந்திரம் இல்லை. அற்புதமேரி சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உடம்பின் பாரமெல்லாம் போட்டு உருட்டினாள்.

தாளை உரித்தபோது வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெபராஜ் என்று நேராக, கறுப்பாக, கரையோடு வந்திருந்தது. அற்புதமேரி தொட்டுப் பார்த்தாள். மை தோலில் தட்டுப்பட்டது. நல்ல தபால்தலையைத் தடவினால் மை விரலில் தட்டும் என்று அவர் எத்தனையோ முறை அவள் விரலைப் பிடித்து வைத்திருக்கிறார். பாத்திரம் தேய்த்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவள் கையை உருவிக்கொள்வாள். இன்று தெரிந்தது.

"தாளு வீட்டுல இருக்கட்டும். தகடு அவரோட போகட்டும்" என்றாள். "நேரா எழுதுனா ஊரே படிக்கும். இப்படி எழுதுனாத்தான் அவருக்கு ருசிக்கும்."

எட்சன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மேசையில் கிடந்த பூதக்கண்ணாடியை அற்புதமேரி தன் கண்ணில் இடுக்கினாள். இரண்டு தரம் நழுவி விழுந்தது. மூன்றாம் தரம் நின்றது. தாளின் கரையோடு மெதுவாகப் போனாள். கீழ் ஓரம் வரை போய் நின்றாள்.

"உம் பேரு எங்க?"

ஃபெபா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இது சவப்பெட்டிக்கும்மா."

"யாரு வெட்டுனது இது?"

"நான்தான்."

"அப்ப போடு."

நாத்தனார் இப்போது உண்மையிலேயே பயந்துவிட்டாள். "உசுரோட இருக்கற புள்ள பேரைக் குழியில போடுவியா? பாஸ்டர் ஐயா, நீங்களாவது சொல்லுங்க!"

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ வீட்டு ஜெபத்தில் அந்தச் செக் பெயருக்கு அவரும் ஆமென் சொல்லியிருக்கிறார். "வெட்டட்டும்மா. நான் வெளிய உக்காந்திருக்கேன்" என்று போய்விட்டார்.

"அண்ணி," என்றாள் அற்புதமேரி, "உங்க தம்பி யாரு யாரு பேரோ சொல்லி ஜெபம் பண்ணுனாரு. சொந்தப் பொண்ணு பேரு மட்டும் தெரியாம அவரை அனுப்பணுமா?"

நாத்தனார் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஃபெபா மறுபடி உளியை எடுத்தாள். தாளில் வலது மூலையில் வர வேண்டிய பெயர் தகட்டில் இடது மூலையில் இறங்கியது. இந்தமுறை தெரிந்தே மாற்றி வெட்டினாள். வாசலில் நின்றவர்கள் சுர்ரென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். இன்னொரு தாள் அடித்தார்கள். அற்புதமேரி கண்ணாடியை இடுக்கி மூலையைப் பார்த்தாள். எறும்புக் கால் அளவுக்கு, ஒரு கோடு பிசகாமல், ஃபெபா என்று இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய், வெளியே நாற்காலியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "எம் பொண்ணு வெட்டுனது" என்றாள். கண்ணீர் வழிந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

கௌஸ் மொய்தீன் தன் சட்டைப் பையிலிருந்த திருப்புளியால் தகட்டை மூடியில் முடுக்கினார். முடுக்கி முடித்ததும் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் மண்ணுக்கு மண் என்று வாசித்தார். பெட்டி இறங்கியது. தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முதலில் எட்சன் மண் போட்டான். நாத்தனார் அழுதுகொண்டே போட்டாள். பெயர் தெரியாத யார் யாரோ போட்டார்கள். மண் தகட்டின் மேல் விழுந்து ஜெபராஜ் பாதி மறைந்தார்.

அற்புதமேரியின் முறை வந்தது. ஒரு பிடி மண்ணோடு குனிந்தவள் சற்று நின்று தகட்டில் மகள் பெயர் இருந்த இடது மூலையைத் தேடினாள். அது இன்னும் மூடப்படாமல் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் இரண்டடி நகர்ந்துபோய்த் தன் பிடி மண்ணைக் கால்மாட்டில் போட்டாள்.