கையில் பிடித்த வாசல்

"கால் பக்கம் தாழ்த்துங்க, தலைப் பக்கம் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே முத்துப்பேச்சி கட்டிலோடு ஓடினாள்.

கயிற்றுக் கட்டிலில் அவள் மாமனார் ராமசுப்பு கிடந்தார். முன்னால் அவள் புருஷன் சோணைமுத்துவும் பங்காளி ஒருவனும், பின்னால் வேதக்கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் இரண்டு பேரும் தூக்கி வந்தார்கள். பள்ளிக்கூடக் கொட்டகையிலிருந்து வீடு இருநூறு அடிதான். அந்த இருநூறு அடிக்குள் கிழவருக்கு மூச்சு நின்றுவிடக் கூடாதென்று வழியில் இருந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் தூக்கி வந்தவர்களின் சாமியையும் அவள் விட்டுவைக்கவில்லை.

கார்த்திகை மாத நடுவில் அடித்த புயலில் கண்மாய்க் கரை உடைந்து, ஊரில் பாதி மண்சுவர்கள் ஒரே இரவில் கரைந்துபோயின. பத்து வருஷமாக மழைக்கு வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்துப்போன ஊர் அது. கேட்டதெல்லாம் ஒரே நாளில் கொட்டியது. வீடு போனவர்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒண்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மாடுகளை அவிழ்த்துவிட்ட ராமசுப்பு, மறுநாள் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேறிடத்தில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போன இடத்திலிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். கொட்டகையில் உயிர் போனால் ராமசுப்பு தன் வீட்டு மண்ணை மிதிக்காமலே போய்விடுவார். அவருக்கும் அது தெரியும். கஞ்சி வேண்டும், தண்ணி வேண்டும் என்று வாய் திறந்து கேட்காத மனிதர், தினமும் காலையில் ஒன்றுமட்டும் கேட்பார்.

"பேச்சி, கூரை ஏறிருச்சா?"

"ஏறிக்கிட்டே இருக்கு மாமா."

தாய் தகப்பன் இல்லாமல் வந்தவளை இருபது வருஷமாக ஒரு வார்த்தை கடிந்து பேசாத மாமனார். இந்த ஒன்றைச் செய்து கொடுக்காவிட்டால் தான் எதற்கு மருமகளாக இருக்க வேண்டும் என்று முத்துப்பேச்சிக்கு இருந்தது.

வேதக்கோயில்காரர்கள் அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டு வண்டி நிறையப் பனங்கால்களும் ஓலையுமாக வந்திறங்கினார்கள். ஏழு பேர். தலைமை, வேதம் போதிக்கிற மாசிலாமணி உபதேசியார். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்த ஒல்லி மனிதர். சாமியை மாற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஊர் முதலில் முறைத்தது. உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் மண் குழைக்கும் குழியில் இறங்கி முழங்கால் சேற்றை மிதித்ததைப் பார்த்ததும் முறைப்பு கொஞ்சம் தணிந்தது. நோயாளி இருக்கிற வீட்டை முதலில் எடுப்போம் என்றார். அப்படித்தான் ராமசுப்பு வீட்டின் முறை முதலில் வந்தது.

மண்சுவர் ஒரு வரி வைத்தால் அது காய்ந்த பிறகே அடுத்த வரி. குளிர்காலத்தில் அது லேசில் காயாது. சுவரை நம்பினால் ஆள் தாங்க மாட்டார் என்று உபதேசியார் பனங்கால்களை நட்டுக் கூரையை முதலில் ஏற்றச் சொன்னார். யுத்த காலம், ஆணிக்குப் பஞ்சம். எல்லாவற்றையும் பனைநாரிலேயே கட்டினார்கள்.

"தலை இல்லாம தலைப்பா கட்டுறாக" என்றார் கருத்தப்பாண்டி. ராமசுப்புவின் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர்.

"தலைப்பா நெழல்ல தலை முளைக்கும்ங்கய்யா" என்றார் உபதேசியார்.

கருத்தப்பாண்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மசியவில்லை. வெள்ளத்தில் போன வாசல் நிலையைக் கண்மாய் முள்ளுக்குள்ளிருந்து மீட்டு வந்து இவர்கள் ஊன்றப் போனபோது குறுக்கே வந்து நின்றார். மார்கழி பிறந்துவிட்டது, மார்கழியில் எவனும் நிலை வைக்க மாட்டான், தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நிலை வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. நிலை வைக்காமல் முன்சுவர் எழும்பாது. மற்ற மூன்று பக்கமும் முழங்கால் உயரச் சுவரோடும், முன்பக்கம் திறந்தபடியும் நின்ற அந்த வீட்டுக்குள்தான் கட்டிலை இறக்கினார்கள்.

ராமசுப்பு கண்ணைத் திறந்தார்.

"எங்க தாயி இருக்கேன்?"

"நம்ம வீட்டுல மாமா. நல்லாப் பாருங்க."

அவர் வெகுநேரம் மேலே பார்த்தார். உதடு அசைந்தது. முத்துப்பேச்சி காதைக் கொண்டுபோனாள்.

"மேக்கால ஓலை ரெண்டு வரி குறையுதே. ஒழுகுமில்ல?"

சாகப் போகிறவர் ஒழுகலைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உபதேசியார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மேற்கு மூலையை அண்ணாந்து பார்த்தார்.

"அய்யா சொல்றது நெசந்தான். தானியேலு, ஏறு."

அன்று அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தின நாள். மத்தியானமே கிளம்பினால்தான் ராத்திரி ஆராதனைக்கு ஊர் போய்ச் சேர முடியும். வண்டியில் மாடு பூட்டி நின்றது. அப்படியும் தானியேல் ஏறினார். அவர் கட்டுவதை ராமசுப்பு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரி முடிகிற நேரத்தில் சோணைமுத்து தகப்பன் வாயில் பால் விட்டான். மூன்றாவது சொட்டு உள்ளே இறங்கவில்லை.

"அப்பாடா" என்றாள் முத்துப்பேச்சி.

வாய் தவறி வந்த வார்த்தைதான். சோணைமுத்து நிமிர்ந்து பார்த்தான். வெட்கமாக இருந்தாலும் அவள் அதைத் திரும்ப விழுங்கவில்லை. பாரம் இறங்கினால் இறங்கியதென்றுதானே சொல்ல வேண்டும். அவனும் தகப்பனின் கண்களை மூடிவிட்டு, தலையை ஆட்டினான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

உபதேசியார் வண்டிக்காரனிடம் போய் ஏதோ சொல்ல, அவன் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டான்.

சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் கூடிவிட்டது. செய்ய வேண்டியதெல்லாம் முடிந்து, பாடை வெளியே தயாராக இருந்தது. நான்கு பங்காளிகள் உடலைத் தூக்கினார்கள்.

"நில்லுங்கடா" என்றார் கருத்தப்பாண்டி.

எல்லோரும் நின்றார்கள்.

"எந்த வழியாத் தூக்குறீக? வாசல் எங்க?"

"முன்பக்கமாத்தான் பெரியப்பா" என்றான் சோணைமுத்து.

"முன்பக்கம் இருக்கு, வாசல் இருக்கா? நிலையைத் தாண்டிப் போனாத்தானடா வீட்ட விட்டுப் போனதாக் கணக்கு. இப்பிடித் திறந்து கிடந்தா இது வீட்டுல செத்த சாவா, களத்து மேட்டுல செத்த சாவா? எனக்குத் தெரியல. தெரிஞ்சவுக சொல்லுங்க."

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. தம்பிக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்ற கவலைதான் குரலில் இருந்தது. கூட்டத்தில் ஒருத்தி, "வாஸ்தவந்தான" என்று முணுமுணுத்தாள்.

இருபது நாள் கஞ்சியைப் புகட்டிப் புகட்டி உயிரைப் பிடித்து வைத்தது, இருநூறு அடி ஓடி வந்தது எல்லாம் வீண்தானா. மாமனாரின் உடல் நாலு பேர் கையில் அந்தரத்தில் நிற்க, முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பெரிய மாமா, மார்கழியில நிலைய ஊனத்தான கூடாது?"

"ஆமா."

"ஊன வேணாம். கையில பிடிச்சுக்கிட்டா?"

கருத்தப்பாண்டி தாடையைச் சொறிந்தார். அவர் வயசுக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"மண்ணுல படக் கூடாது" என்றார் கடைசியில்.

"படாது."

"சரி. யார் பிடிக்கிறது? நம்ம ஆளுக மார்கழியில நிலையத் தொட மாட்டானுகளே."

கூட்டத்து ஆண்கள் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு மார்கழி கிடையாதுங்கய்யா" என்றார் மாசிலாமணி உபதேசியார். "நாங்க பிடிக்கிறோம்."

வாகை மரத்து நிலை. கீழ்ப்படிக் கட்டையோடு சேர்த்து நாலு ஆள் கனம். உபதேசியாரும் தானியேலும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தூக்கி வந்து, பழைய வாசல் இருந்த இடத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்திப் பிடித்தார்கள்.

"யோவ், திருப்பிப் பிடிங்கய்யா" என்று பதறினார் கருத்தப்பாண்டி. "மஞ்சள் பூசுற பக்கம் வெளிய பாக்கணும். உள்பக்கத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறீக."

"மன்னிச்சுக்கங்கய்யா, எங்களுக்கு அது பழக்கமில்ல." நான்கு பேரும் முக்கி முனகி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றார்கள். துக்க வீடென்றும் பாராமல் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சங்கு முழங்கியது. பங்காளிகள் தலையைக் குனிந்து, ஒவ்வொருவராகக் காலை உயர்த்திக் கட்டையைத் தாண்டினார்கள். ராமசுப்பு தன் வீட்டு வாசல் வழியாக வெளியே போனார். நிலையைப் பிடித்திருந்தவர்கள் கண்களை மூடிக்கொண்டு நின்றார்கள். உபதேசியாரின் கண்ணாடி நூல் அவிழ்ந்து ஒரு காதில் தொங்கியது. எடுத்து மாட்ட அவருக்குக் கை இல்லை.

"இனிக் குறையில்ல" என்றார் கருத்தப்பாண்டி, யாரிடம் என்றில்லாமல். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடையின் பின்னால் நடந்தார்.

கொள்ளிச் சட்டியோடு சோணைமுத்து முன்னால் போக, ஊர்வலம் கண்மாய்க் கரை திரும்பி மறைந்தது. சங்குச் சத்தமும் தேய்ந்தது. பெண்கள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார்கள். இனி வீட்டைக் கழுவிவிட வேண்டும். முத்துப்பேச்சி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வந்தபோது அந்த நாலு பேரும் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லாமல் இறக்கலாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கைகள் வெடவெடவென்று ஆடின.

"இறக்கிறலாமாம்மா?" என்று கேட்டார் உபதேசியார்.

"ஒரு நிமிசம் பொறுங்கய்யா" என்றாள் முத்துப்பேச்சி.

நிலைக்கு இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்துதான் கிடந்தது. அவள் அந்த வழியாகப் போகவில்லை. குடத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, காலைத் தூக்கி வைத்து, வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள்.