லிஸ்டில் ஒரு டெஸ்ட்

குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு ஷாப்பிங் லிஸ்ட் ஆப் தேடினேன். ஓப்பன் சோர்ஸாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு வெங்காயக் கணக்கு ஏதோ ஒரு கம்பெனிக்கு எதற்கு? நாலைந்தைக் கழித்துக்கட்டி, தேறிய ஒன்றை எல்லார் போனிலும் ஏற்றினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க "டெஸ்ட்" என்று அடித்தேன்.

மாலையில் மாமியார் மருந்துக்கடைப் பையோடு வந்தார்.

"எந்த டெஸ்டுன்னு கடைக்காரர் கேட்டார், மாப்பிள்ளை. கர்ப்ப டெஸ்டுதான்னு சொல்லிட்டேன். நீங்க கூச்சப்பட்டு பாதிய மட்டும் எழுதிட்டீங்க போல."

திருப்பி எடுக்க மாட்டார்களாம். எரிச்சலோடு குளியலறை அலமாரியில் போட்டேன்.

மறுநாள் லிஸ்டில் புதிதாக "தொட்டில்" என்று இருந்தது.

"இதுவும் சும்மா டெஸ்டுக்குப் போட்டதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"டெஸ்ட் காலைலயே பண்ணியாச்சு," என்றாள்.