கமிட்டிக்குக் கட்டிய கழிப்பறை

தரம் பார்க்க வரும் கமிட்டிக்காக எங்கள் பல்கலைக்கழகம் பளிங்கில் ஒரு கழிப்பறை கட்டியது. துணைவேந்தர் ரிப்பன் வெட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் பூட்டிவிட்டார்கள். எங்களுக்கு அதே பழைய நாற்றக் கிடங்குதான்.

ஏழு மாதக் கர்ப்பிணியான வேதியியல் ஆசிரியை பதிவாளரிடம் கெஞ்சினார்.

“சாவி குடுங்க சார். பழசுல கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது, வழுக்குது.”

“பொறுத்துக்கோங்கம்மா. கமிட்டி பாக்கறதுக்குள்ள கறை பட்டா யாரு பதில் சொல்றது?”

மறுநாள் கமிட்டித் தலைவர் ஆசையாக உள்ளே போனார். சற்று நேரத்தில் அலறல் கேட்டது.

“யாருங்க வெளியே? சொட்டுத் தண்ணி வரல!”

திறப்பு விழா நடத்தியவர்கள் குழாயைத் திறந்து பார்க்கவில்லை.

பதிவாளர் வியர்க்க விறுவிறுக்க ஆசிரியையிடம் ஓடினார்.

“அம்மா, உங்க லேப்ல ஒரு வாளி தண்ணி...”

“பழசுல நிறைய நிக்குது சார்,” என்றார் ஆசிரியை. “மொண்டுக்கோங்க.”