ஏழிலிருந்து பதினொன்றுக்கு

எட்டுப் பேரைச் சுமக்கும் லிஃப்டைச் சோதிக்க எட்டுப் பேர் தேவையில்லை. எட்டுப் பேரின் எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்கினால் போதும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் அப்படிக் கட்டிகளை ஏற்றி இறக்கி வருகிறார். கயிறு நைந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, குறை, காரணம், பரிந்துரை என்ற மூன்று பத்திகளில் எழுதிக் கையெழுத்திடுவார். எதிரியின் காய்களைத் தாண்டி அடித்து ஆடும் செக்கர்ஸ் ஆட்டத்துக்கென ஊரில் இருந்த மன்றத்தில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். போலீஸ்காரர் என்று எண்ணிப் புதியவர்கள் முதல் வாரம் சற்று அடக்கமாக ஆடுவார்கள். அவர் அதைத் திருத்தியதில்லை.

தம் ஆட்டங்களையும் அவர் அதே முறையில்தான் சோதித்தார். குறிப்பேட்டிலும் மூன்று பத்திகள். நடுப்பத்தியின் தலைப்பு மட்டும் ‘தவறிய வாய்ப்பு’ என்று மாறியிருந்தது. தினமும் காலை ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து, தாம் ஆடிய போட்டி ஒன்றை நகர்வு நகர்வாக மீண்டும் ஆடுவார். எதிர் நாற்காலியில் மடித்த துணிகள் இருக்கும். எங்கே வெல்ல வழியிருந்தும் கோட்டைவிட்டார் என்று கண்டுபிடித்துச் சிவப்பு மையில் எழுதுவார். பதினொரு குறிப்பேடுகள் நிரம்பிவிட்டன. மேசையில் இடமில்லாததால் அவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்.

கடந்த ஏழு வாரங்களாக அவர் ஒரே ஆட்டத்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்.

அது மன்றத்தின் இறுதிப் போட்டி. எதிரே அமர்ந்தவர் தையல்காரர்; இரட்டையர் லீக்கில் ஒன்பது ஆண்டுகளாக அவருடைய கூட்டாளி. ஆட்டத்தின் முடிவில் இன்ஸ்பெக்டரிடம், பலகையின் மறுவிளிம்பை எட்டி ராஜாவான காய்கள் இரண்டும் ஒரு சாதாரணக் காயும் இருந்தன. தையல்காரரிடம் இரண்டு ராஜாக்கள் மட்டுமே. அந்த நேரத்தில் தையல்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “டிரா வெச்சுக்கலாமா சார்?” என்றார். இன்ஸ்பெக்டர் களைத்திருந்தார். சரி என்றார். அரைப்புள்ளி வித்தியாசத்தில் கோப்பை தையல்காரருக்குப் போனது.

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் இருவரும் அதே மேசையில் அமர்ந்து அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். யார் வென்றாலும் அது மாறாத வழக்கம். அன்று இன்ஸ்பெக்டர் ஆட்டத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் தையல்காரர் தொலைபேசியில் அழைத்தார். திரையில் தெரிந்த பெயரை, மணி ஓயும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம் தோற்றுக்கொண்டிருந்தது தையல்காரருக்குத் தெரியும். தெரிந்தே டிரா கேட்டு வாங்கிவிட்டார்: இதுதான் இன்ஸ்பெக்டருடைய சந்தேகம். வெற்றி இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அந்த ஆளோடு இனி ஒரே பக்கம் உட்கார வேண்டியதில்லை. இல்லையென்றால் லீக்குக்குப் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை.

வியாழக்கிழமை காலை வெற்றி அகப்பட்டது. ஒன்பது நகர்வுகள். நான்காவது நகர்வில் தையல்காரரின் வெள்ளை ராஜா ஏழாம் கட்டத்திலிருந்து பதினொன்றுக்கு வந்து, அடிபடுவதற்காகவே நிற்கும். அதற்கு நேரே ‘பொறி, அடிக்கக் கூடாது’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். பிறகு வழக்கம்போல ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்டைச் சோதிக்கப் போனார். யாரிடமும் சொல்ல முடியாததால் அந்த மகிழ்ச்சி நான்காவது மாடியிலேயே தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை பகல் அக்கா வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரைப் பார்க்க வருவாள். தம்பியையும் பார்த்துவிட்டுப் போவாள். வந்ததும் எதிர் நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“இந்தப் பலகைய எடுக்கவே மாட்டியா? தட்டு வைக்க எடமில்ல.”

“இன்னிக்கு எடுத்துடறேன்க்கா. முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

அவர் சொன்னார். ஏழு வாரமாக ஒருவரிடமும் சொல்லாததை மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தது அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

“தையல்காரரா? என் ரவிக்கைய ஒரு அளவுகூடத் தப்பாம தெச்சுக் குடுத்தாரே, அவரா உன்னை ஏமாத்தினாரு?”

“ரவிக்கை வேற, இது வேற.”

“சரி, காட்டு. இதுல நீ யாரு?”

“கறுப்பு.”

“அப்ப நான் தையல்காரரு. எதை நகர்த்தணும்னு சொல்லு.”

அவர் காய்களை அடுக்கினார். முதல் மூன்று நகர்வுகளையும் அக்கா அவர் சொன்னபடியே நகர்த்தினாள்.

“இப்ப ஏழுல இருக்கற ராஜாவைப் பதினொன்னுக்குக் கொண்டு வா.”

“நம்பர் எங்கடா போட்டிருக்கு? விரலால காட்டு.”

காட்டினார். அக்கா நகர்த்தினாள். அவர் தம்முடைய சாதாரணக் காயைப் பதினாறிலிருந்து பத்தொன்பதுக்குத் தள்ளினார்.

“என்னடா, அடிக்கலியா?”

“அது பொறிக்கா. அடிச்சா என் ராஜா எட்டுல போய் நிக்கும். மூலையில நாலுல இருக்கற உன் ராஜா அதையும் இந்தக் காயையும் ஒரே தாவுல தூக்கிடும்.”

“தூக்கட்டுமே. அடிச்சுதானே ஆகணும்?”

“அடிக்கக் கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்கேன்.”

“நீ எழுதி வெச்சா ஆச்சா? அப்ப எனக்கு ஒம்பது வயசு, உனக்கு ஆறு. அடிக்க மறந்துட்டேன்னு என் காயைப் பிடுங்கிக்கிட்டு, ரூலு ரூலுன்னு தெருவே கேக்கறாப்புல கத்தினே. அது எனக்கு மட்டும் போட்ட ரூலா?”

அவர் பலகையைப் பார்த்தார். தாண்டி அடிக்க வழியிருந்தால் அடித்தே ஆக வேண்டும். விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பலகையைத் தொட்ட முதல் நாளிலேயே குழந்தைகள் கற்கும் விதி அது. போட்டியில் ஒருநாளும் அவர் அதை மீறியதில்லை. எதிரில் இருப்பவர் மீற விடமாட்டார். இந்த மேசையில் கறுப்பையும் வெள்ளையையும் அவருடைய ஒரே வலக்கைதான் நகர்த்தியது. அடி விழுவதற்காகக் காத்திருக்க எதிரே துணிகள்தாம் இருந்தன.

காயைப் பதினாறுக்கே திருப்பி வைத்துவிட்டு அடித்துப் பார்த்தார். அவருடைய ராஜா பதினொன்றைத் தாண்டி எட்டில் இறங்கியது. நான்கிலிருந்த வெள்ளை ராஜா அதைத் தாண்டி, பதினாறிலிருந்த காயையும் தாண்டி, இருபதில் போய் நின்றது. பலகையில் ஆளுக்கொரு ராஜா மிஞ்சியது.

“இப்ப யாரு ஜெயிச்சது?” என்றாள் அக்கா.

“யாருமில்ல. டிரா.”

“அப்ப அந்த மனுஷன் கேட்டது நியாயம்தானே?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே கால். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். “கண்ணாஸ்பத்திரிக்கு நான் என்ன தடவிக்கிட்டே போறதா?” என்று அக்கா கேட்டது மாடிப்படியின் முதல் திருப்பத்தில் அவர் காதில் விழுந்தது.

தையல்கடை இரண்டு இயந்திரங்கள் மட்டுமே பிடிக்கும் அகலம். ஒன்றின்மேல் துணி போர்த்தியிருந்தது. மற்றொன்றில் தையல்காரர் ஒரு சீருடைக் கைக்கு மடிப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் தலையைத் தூக்கினார்.

“வாங்க இன்ஸ்பெக்டர். சட்டையா, பேண்டா?”

“டிரா.”

இயந்திரம் நின்றது.

“அன்னிக்கு ஆட்டம் டிராதான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நான் ஜெயிச்ச ஆட்டத்தை நீங்க தெரிஞ்சே பேசி வாங்கிட்டீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். நீங்க ஏழுலேருந்து பதினொன்னுக்கு வந்தா நான் அடிச்சே ஆகணும். மன்னிச்சுக்குங்க.”

தையல்காரர் ஒரு வெட்டுத்துணியை விரித்து, குறிபோடும் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் இழுத்தார். சட்டைப் பொத்தான்களைக் காய்களாக வைத்தார். ஏழிலிருந்த பொத்தானைப் பதினொன்றுக்கு நகர்த்தி, அடிகளை விரலால் எண்ணினார்.

“அட! இது எனக்குத் தெரியவே தெரியாது சார்.”

“அப்புறம் எதுக்கு டிரா கேட்டீங்க?”

“தோத்துட்டேன்னு நினைச்சுதான் கேட்டேன். உங்க மூஞ்சி வாடியிருந்துது. கேட்டா குடுத்தாலும் குடுப்பாருன்னு ஒரு நப்பாசை. குடுத்துட்டீங்க. அந்தக் கோப்பையப் பாக்கறப்பல்லாம் மனசு உறுத்துது. சொல்லிடலாம்னுதான் ரெண்டு தடவ போன் பண்ணேன். நீங்க எடுக்கல.”

ஆக, சந்தேகம் சரி. ஆட்டக் கணக்குத்தான் தவறு. இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்ஸ்பெக்டருக்குப் புலப்படவில்லை.

“லீக்குக்குப் பேர் குடுத்தாச்சா?” என்றார்.

தையல்காரர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். “நேத்தே குடுத்துட்டேன். மருந்துக்கடைக்காரரும் நானும். நீங்க வரலைன்னு நினைச்சேன்.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“நீங்க எதுவுமே சொல்லலையே சார்.”

கொடுத்த பெயரை மாற்றக் கூடாது என்ற விதியை மூன்று ஆண்டுகளுக்கு முன் பொதுக்குழுவில் முன்மொழிந்தவர் இன்ஸ்பெக்டர்தான். தையல்காரர் அதை நினைவூட்டவில்லை. இன்ஸ்பெக்டருக்கும் யாரும் நினைவூட்டத் தேவைப்படவில்லை. வாசலில் ஒரு பெண்மணி கையில் துணிப்பையோடு நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் விலகி வழிவிட்டார்.

“நில்லுங்க,” என்றார் தையல்காரர். “மருந்துக்கடைக்காரர் நல்லாத்தான் ஆடறாரு. ஆனா ஆட்டம் முடிஞ்ச நிமிஷம் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் பறந்துடறாரு. பிரிச்சுப் பாக்க ஆளே இல்ல. வியாழக்கிழமை லீக் ஆட்டம் ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்.”

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கே அவர் மன்றத்தின் படியேறினார். அறிவிப்புப் பலகையில் இரட்டையர் பட்டியல் ஒட்டியிருந்தது. அதை முழுவதும் படித்தார்; எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆட்டம் நடக்கும்போது ஆடாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவின் கண்ணாடி வழியாக, ஒன்பது ஆண்டுகள் அவர் உட்கார்ந்த நாற்காலியில் மருந்துக்கடைக்காரரின் முதுகு தெரிந்தது.

ஏழு மணிக்கு மருந்துக்கடைக்காரர் ஹெல்மெட்டோடு வெளியே வந்தார். “ரெண்டும் ஜெயிச்சோம் சார்,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

இன்ஸ்பெக்டர் உள்ளே போய் உட்கார்ந்தார். நாற்காலியில் சூடு இன்னும் இருந்தது. தையல்காரர் தம் ஆட்டத்தாளைப் பார்த்துக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஆடாத ஆட்டம் அது. அதில் தவறவிட அவருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கவில்லை. குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுத்து, திறக்காமல் மேசையோரமாக வைத்தார்.

“பன்னெண்டாவது நகர்வுலதான் எனக்குச் சந்தேகம்,” என்றார் தையல்காரர். “எதிராளிக்கு நீங்க ஆடுங்க.” ஒரு காயை முன்னே தள்ளினார். அது அடிபடும் இடத்தில் நின்றது.

இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். கையைத் தூக்காமல் இருந்தார்.

“சார், நீங்க அடிக்கணும்.”

“ஆமா,” என்று சொல்லி, அடித்தார்.