முழங்கைக்கு அடியில் என் கை

எங்கள் மகளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை, வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு. அவளுக்கு எல்லாம் புரிகிறது என்பதற்கு எங்களுக்கிருந்த ஒரே ஆதாரம் ஒரு விளையாட்டு.

திரையில் நான்கு படங்கள் வரிசையாக இருக்கும். "குடை எங்கே?" என்று குரல் கேட்கும். வெளிச்சம் ஒவ்வொரு படமாக நகரும். குடைக்கு வரும்போது தட்டு அகலமுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கை சரியாமலிருக்க முழங்கையை நான் தாங்கிக்கொள்வேன். ஆறு மாதத்தில் ஒரு தப்புகூட விழவில்லை.

ஒரு நாள் சிறப்புப் பள்ளி ஒன்றில் அவளை வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்த்தார்கள். தானாக அழுத்தும் பிள்ளைக்குத்தான் இடம். அந்த அறையை நடத்தியவரை எல்லோரும் பட்டன் அக்கா என்பார்கள். பத்துக்குப் பத்து சரியாக வந்தது. என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்காவோ திரையை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"அச்சகத்துல. பிழை திருத்தறது."

"அதானே பார்த்தேன். கையை எடுங்க."

முழங்கைக்கு அடியில் ஒரு மணல் பையை வைத்தார். வெளிச்சம் குடைக்கு வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பொடிசு அசையவில்லை. ஒவ்வொரு முறையும் மடியிலிருந்த என் விரல்கள்தான் எம்பின. இத்தனை நாள் விளையாடியது நானா? அப்படியானால் இவளுக்கு எதுவுமே புரிந்ததில்லையா?

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் மனைவி.

"உங்க கை வரும்னு காத்திருக்கா," என்றார் அக்கா. "யாரும் வாயைத் திறக்காதீங்க."

அடுத்த கேள்வி நாய். பொடிசின் தோள் நடுங்கியது, பொத்தான் அழுந்தியது. அதற்குள் வெளிச்சம் நாய்க்கு அடுத்திருந்த செருப்புக்குப் போயிருந்தது. தப்பு. பந்து கேட்டால் பந்துக்கு அடுத்தது. சாவி கேட்டால் சாவிக்கு அடுத்தது.

அக்கா சிரித்தார். "மூணும் ஒரே மாதிரி தப்பு, பாருங்க. சரியான இடத்துலதான் கிளம்பறா. கை போய்ச் சேர்றதுக்குள்ள வெளிச்சம் ஓடிடுது."

வெளிச்சத்தை மெதுவாக்கினார். குரல் பூனையைக் கேட்டது. பூனையிலேயே அழுத்தினாள்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. சார் மட்டும் வெளியவே நிக்கணும்."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்," என்று மனைவி என் காதில் சொன்னாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"அப்போ இந்த ஆறு மாசமா, நான் கையைத் தூக்கும்போதெல்லாம் இவ என்ன நெனச்சிருப்பா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவளையே கேளுங்க சார். ஆமா, இல்லைன்னு சொல்லவும் பொத்தான் இருக்கு. நாங்க கத்துக்கொடுத்துடுவோம்."

கத்துக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் அவள் எங்களோடு இருந்தாள். தாகமா, வலிக்கிறதா, போதுமா என்று தினமும் கேட்பேன்; பதில் சொல்வாள். அந்த ஒன்றைக் கேட்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.